ஏழு மூடி

எங்கள் பக்கத்து வீட்டுப் பின்கட்டில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. சித்திரை மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரையே வாளியில் பிடித்து ஆறவைத்துக் குளிக்கிற முதலியார்பேட்டையில், தண்ணீரைச் சூடாக்க மெஷின் வைத்த தொட்டி. நான்கு பேர் கால் நீட்டி உட்காரலாம். சுற்றிலும் உள்ள துளைகள் வழியாக மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சும். கப்பலில் கண்டெய்னரில் வந்தது. லாரியிலிருந்து அதை இறக்கிய அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. நானும் எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில்.

கொண்டு வந்தவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போனபின், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஒரு கெடு இருந்த காலத்தில் அவருடைய அப்பா எழுதிக் கொடுத்தார், என்னுடைய அப்பா கொடுக்கவில்லை. அந்த ஒரு கையெழுத்தில் இரண்டு வீடுகளும் இரண்டு திசைக்குப் போயின. அவர் உலகம் சுற்றினார். நான் அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தினேன். எனக்கு அவர் மேல் பொறாமை இருந்தது. அவர் சாகிறவரைக்கும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தேன், எளிமை, நேர்மை, தேசப்பற்று என்றெல்லாம்.

இதை எழுதுவது தொட்டிக்காக இல்லை. அவர் மனைவியிடம் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகவும், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விழுங்கிய ஒரு வார்த்தைக்காகவும்தான்.

அந்தம்மா வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். கல்யாணமான கையோடு பிரான்சுக்குப் போய் இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே குடும்பம் நடத்தித் திரும்பி வந்தவர். தெருவில் எல்லோரும் மதாம் என்று கூப்பிடுவார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் மட்டும் மதாமும் சொல்லமாட்டேன், அக்காவும் சொல்லமாட்டேன். வாம்மா, போம்மா என்று, பள்ளிக்கூடத்தில் பெற்றோரிடம் பேசுகிற தோரணையிலேயே பேசி வந்தேன்.

சொல்தா இறந்து ஐந்து வருஷம் தொட்டி காலியாகக் கிடந்தது. போன தை மாதம் ஒருநாள் காலையில் அந்தம்மா எங்கள் கேட்டருகே ஊன்றுகோலோடு வந்து நின்றார். முந்தின மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டிருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபின் அந்தக் கால் மடங்காமல் நின்றுவிட்டது.

"சார், அந்தப் பேனை ஓட வச்சுக் குடுக்கறீங்களா? வெந்நில உக்காந்து மடக்கி மடக்கி நீட்டினா கால் வழிக்கு வரும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு, தண்ணி விஷயம்லாம் உங்களுக்குத்தான் தெரியும்."

குளியல் தொட்டிக்குப் பிரெஞ்சில் உள்ள சொல் அவர் வாயில் பேன் என்றுதான் விழும். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு அது போதும். அன்றிலிருந்து நான் சட்டையை மாட்டினாலே, "இன்னா, பேன் பாக்கக் கெளம்பியாச்சா?" என்பாள்.

"வேற ஒண்ணும் வேணாம் சார்" என்றார் அந்தம்மா. "வைத்திக்குப்பத்துல என் தங்கச்சி மணல்ல உக்காந்து மீன் விக்கறா. ஊருக்குத் திரும்பின நாள்லேந்து தெனம் காலைல ஆட்டோ புடிச்சுப் போயி ஒரு மணி நேரம் அவ பக்கத்துல உக்காருவேன். இப்பவும் போறேன், ஆனா ஸ்டூல் போட்டு உக்கார வேண்டியிருக்கு. அவ கீழ, நான் மேல. எனக்கு அவகூட மணல்ல உக்காரணும்."

எனக்கு ஓய்வு பெற்றதிலிருந்து யாரும் எதுவும் கேட்டு வரவில்லை. தாராளமாகத் தலையாட்டினேன்.

தொட்டியைத் திறந்தபோது பல்லிப் புழுக்கையும் எறும்புப் புற்றும் முருங்கைச் சருகுமாக இருந்தது. மூடி தண்ணீர் ஏறிக் கனத்துப் போயிருந்தது. மோட்டார் சுற்றவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தண்டைக் கையால் திருகி விட வைத்து, வெடித்துப் போன வாஷர்களை எல்லாம் மாற்றினோம். முதல் தடவை தண்ணீர் நிரப்பி ஓடவிட்டதும் குழாய்களுக்குள் ஐந்து வருஷம் காய்ந்து கிடந்த பாசியெல்லாம் கறுப்புக் கறுப்பாக வந்து மிதந்தது. கொட்டினோம். மறுபடி நிரப்பி, மறுபடி கொட்டினோம். மூன்றாவது தடவை தண்ணீர் தண்ணீராக இருந்தது. தவளக்குப்பத்தில் ரிசார்ட்டுகளின் நீச்சல் குளங்களுக்கு மருந்து விற்கிற கடையைத் தேடிப் பிடித்து குளோரின் வாங்கி வந்தேன். இத்தனையும் எட்டு நாள் வேலை. உண்மையைச் சொன்னால் அந்த எட்டு நாளும் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு தண்ணீரைச் சமன் செய்ய வேண்டும். சூடான தண்ணீரில் அமிலமும் காரமும் ஒரு நிதானத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் காரப் பக்கம் போனால் தண்ணீர் கலங்கும், சுண்ணாம்பு படியும். அமிலப் பக்கம் போனால் தோலை அரிக்கும், கண் எரியும், இரும்பையும் செம்பையும் தின்னும். பத்தாம் வகுப்புப் பாடம்தான். அந்தம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தார். அதில் சொல்தாவின் கட்டம் போட்ட நோட்டு இருந்தது. தண்ணீரில் தோய்த்து நிறம் பார்க்கிற காகிதப் பட்டைகள் ஒரு குப்பியில் இருந்தன. அவை ஈரம் பட்டுக் கெட்டுவிட்டன, எந்தத் தண்ணீரில் தோய்த்தாலும் ஒரே ஆரஞ்சு நிறம். காரத்தைக் குறைக்கிற அமிலக் குருணை ஒரு டப்பா நிறைய இருந்தது, கட்டி தட்டிப்போய்.

நோட்டு பிரெஞ்சில் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது தெருவுக்கே தெரியும், ஏனென்றால் நானே சொல்லியிருக்கிறேன். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்தது. உரக்க வாசித்தேன். "பே-ஆஷ் முவேன்... ஏழு பௌச்சோன்... பார் ஸெமேன்."

"பூஷோன்" என்றார் அந்தம்மா, மெதுவாக. "மூடிதானே சார்? அந்த டப்பா மூடி."

இருபது வருஷம் பிரெஞ்சுக் கடைகளில் பால் பாட்டிலும் எண்ணெய் பாட்டிலும் வாங்கிய வாய். அவர் சொன்னதுதான் சரி. என் முகம் சூடாகிவிட்டது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியாதபடி நோட்டைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த நோட்டை அவர் கையில் நான் கொடுக்கவே இல்லை.

"ஆமா, மூடி. அமிலக் குருணை வாரத்துக்கு ஏழு மூடி" என்றேன்.

"ஏழா? அவுரு ஒரு மூடிதான் போடுவாரு, எனக்கு ஞாபகம்."

"ஞாபகம்லாம் சரிப்படாதும்மா. இங்க எழுதியிருக்கு. உங்க வீட்டுக்காரரே கைப்பட எழுதியிருக்காரு."

"அப்ப சரி சார். நீங்க படிச்சவரு."

முப்பது வருஷம் பிள்ளைகளிடம் நான் கத்திய கத்து ஒன்று உண்டு: அளந்து பார், எதையும் நம்பாதே. பள்ளிக்கூட லேபுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் நல்ல பட்டைகள் கிடைக்கும். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். நான் போகவில்லை. நோட்டு இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு ஜாஸ்தி, ஏழு மூடி கேட்கும்தான் என்று ஒரு காரணத்தையும் நானே கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் அது பலித்தும் விட்டது. புதுத் தண்ணீரின் காரத்தை அந்த ஏழு மூடியும் விழுங்கிவிட, தண்ணீர் பளிச்சென்று நின்றது. அந்தம்மா நைட்டியோடு இறங்கி உட்கார்ந்து காலைச் சூட்டில் வைத்தார். பத்தாவது நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், கொஞ்சம் மடங்குது!" என்று கூவினார். நான் என் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, பெரிய டாக்டர் மாதிரி, "மடங்கும், மடங்கும்" என்றேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய் அதே தண்ணீரில் ஏழு மூடி போட்டேன். முதல் வாரத்துத் தண்ணீருக்குப் போதுமானது மூன்றாவது வாரத்துத் தண்ணீருக்கு மிகவும் அதிகம் என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்தம்மாவுக்கு அரிப்பு ஆரம்பித்தது. பிறகு கண் எரிச்சல். பிறகு குளோரின் நெடி மூக்கைத் துளைக்கிறது என்றார். ஐந்தாவது வாரம், கைகளை நீட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து உரிந்திருந்தது.

"தண்ணியில ஏதோ சரியில்ல சார்."

நான் போட்ட கணக்கில் குறை சொல்கிறார் என்றுதான் என் காதில் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பாடம் நடத்துகிற குரலாக மாறிவிடும். என் மனைவி அதற்குத்தான் மிகவும் பயப்படுவாள்.

"நல்ல தண்ணில குளோரின் நெடி அடிக்காதும்மா. உடம்பு அழுக்கோட சேர்ந்தாத்தான் அடிக்கும். இது நான் சொல்லல, கெமிஸ்ட்ரி சொல்லுது."

"குளிச்சிட்டுத்தானே சார் எறங்கறேன்."

"இன்னா குளிச்ச? காலைல மீன் கூடைங்க நடுவுல உக்காந்துட்டு நேரா வந்து எறங்கினா தண்ணி இன்னாதான் பண்ணும்? அந்த நாத்தம், அந்த எண்ணெ, எல்லாம் இதுலதானே கரையுது?"

நான் சொன்ன கெமிஸ்ட்ரி பொய் இல்லை. அதுதான் அதில் கேவலம். உண்மையான ஒரு பாடத்தை எடுத்து அவர் பிறந்த குப்பத்தின் மேல் வீசினேன். அந்தம்மா முழங்கையை மடக்கி, மூக்கருகே கொண்டு போய், முகர்ந்து பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி சார்" என்றார்.

சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி முழுவதையும் கேட்டிருந்தாள். அன்று பேன் பற்றிய கிண்டல் இல்லை. சோறு போட்டுவிட்டு எதிரே உட்காராமல் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. நான் இரண்டு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் காலையில் பக்கத்து வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நிற்கவில்லை. நான் அதைக் கவனித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. கவனிக்கவில்லை. சாயங்காலம் கொல்லையில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்கும். பீர்க்க நாரும் சோப்பும் போட்டு மூன்று தடவை தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்குகிறார் என்று பிற்பாடு தெரிந்தது. ஏற்கெனவே உரிந்த தோலை நாரால் தேய்த்துக்கொண்டு, அமிலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

ஏழாவது வாரம், கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளைத் துண்டைப் பார்த்தேன். ஓரமெல்லாம் இளம் பச்சையும் நீலமுமாக ஒரு சாயம். வேதியியல் படித்தவனுக்கு அந்த நிறம் தெரியாமல் போகாது. அது செம்பு. தொட்டிக்குள் எங்கேயோ செம்பு கரைந்துகொண்டிருந்தது. செம்பைக் கரைக்கிற தண்ணீர் எப்படிப்பட்டது என்று நூறு தடவை கரும்பலகையில் எழுதியவன் நான்.

அன்றைக்குத்தான் அந்தக் கடைக்குப் போய்ப் பட்டை வாங்கினேன். தோய்த்ததும் சிவந்தது. எலுமிச்சைச் சாற்றில் தோய்த்தால் வருகிற சிவப்பு. அங்கேயே, தொட்டிக்கு மேல் போட்டிருந்த கொட்டகைக்குள் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. முந்தின பக்கத்தில் தண்ணீர்ச் சூடு எழுதியிருந்தது, முப்பத்தேழு. அந்த ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. அடுத்த வரியிலும் ஒரு ஏழு, அதற்கும் இடுப்பில் கோடு. அந்த நோட்டில் சொல்தா போட்ட எல்லா ஏழுக்கும் பெல்ட் கட்டியிருந்தது.

நான் ஏழு என்று வாசித்ததற்கு பெல்ட் இல்லை. நெற்றியிலிருந்து ஒரு கோடு நீளமாகக் கீழே சரிந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையால் எழுதினால் ஒன்று அப்படித்தான் இருக்கும். நான் பிரெஞ்சை அச்சுப் புத்தகத்தில் மட்டும் படித்தவன். வாரத்துக்கு ஒரு மூடி. அந்தம்மா முதல் நாளே சொன்ன ஒரு மூடி.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உள்ளே அடுப்படியில்தான் இருந்தார், பத்தடி தூரம். "செம்பு படிஞ்சிருக்கு, தண்ணிய மாத்தணும்" என்று மட்டும் குரல் கொடுத்தேன். அந்தத் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டால் முருங்கை மரத்தின் வேர் பட்டுப்போகும் என்று, எங்கள் வீட்டு ஆப்பசோடா டப்பாவை எடுத்து வந்து கொட்டி, அமிலத்தை முறித்துவிட்டுத்தான் வெளியே விட்டேன். ஒரு முருங்கை மரத்துக்கு இவ்வளவு அக்கறை பார்த்திருக்கிறேன். இப்போதும் ஆப்பம் சாப்பிட உட்கார்ந்தால் அது நினைவுக்கு வருகிறது.

புதுத் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு நாளும் பட்டை வைத்து அளந்து, சரியான இடத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தினேன். பிறகு வாரம் ஒரு மூடி. பத்து நாளில் அரிப்பு நின்றது. கையில் புதுத் தோல் வந்தது. ஒருநாள் அந்தம்மா சுவரோரம் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், நீங்க சொன்னது கரெக்டு. நான் குப்பத்துக்குப் போறத நிறுத்தின பெறகு பாருங்க, தண்ணி தானா சரியாயிடுச்சு. நெடியே இல்ல. இத்தினி நாளு அந்த நாத்தத்தோடவே எல்லார் வீட்டுக்கும் போயி வந்திருக்கேன், யாருமே சொல்லல. நீங்கதான் சொன்னீங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொன்னது, "ம்."

அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. ம் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வாளியில் தண்ணீர்கூட இல்லை.

மூன்று வாரம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க ஒயர் கூடையோடு வைத்திக்குப்பம் போனேன். படகுகளுக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களில் அந்தம்மாவின் தங்கையும் இருந்தாள். வழக்கமாக நான் வாங்குவது அவளிடம்தான். அவளுக்குப் பக்கத்தில் பழைய நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று காலியாகக் கிடந்தது. யாரோ அதன் மேல் பையை வைக்கப் போனபோது, "அதுல வெக்காத" என்று தட்டிவிட்டாள்.

"சார், எங்கக்கா கால் எப்படிக் கீது?"

"நல்லா மடங்குது."

"மடங்கினா ஏன் சார் வர்ல? நான் பாக்கப் போனா கேட்டாண்டயே நிக்க வச்சுப் பேசறா. உள்ள வராதடி, உன் மேல நாத்தம் கீது, தண்ணி கெட்டுடும்ன்றா. எங்கம்மா வயித்துல பொறந்தவ சொல்றா சார். எனக்குக் கெட்டுப் போற தண்ணி இன்னா தண்ணின்னு தெரியல."

சங்கரா மீனை நிறுத்துக் கூடையில் போட்டாள். அதற்கு மேல் ஒரு பெரிய மீனை எடுத்துப் போட்டாள். "எங்கக்காவுக்கு இவ்ளோ செய்றீங்க. வச்சுக்குங்க" என்றாள். நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே போய்ச் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அந்த மீன் ஃபிரிட்ஜில் கிடந்தது, நான் சமைக்க விடவில்லை. கடைசியில் என் மனைவிதான் கேட்டாள், "இன்னா பண்ணீங்க?" என்று. அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "செருப்ப மாட்டுங்க" என்றாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா கூடத்தில் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தேன். மருந்து, அமிலம், செம்பு, கையெழுத்து என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது முதல் தடவையாக அந்த நோட்டை அவர் கையில் கொடுத்து, அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஒண்ணு" என்றார். "அவுரு ஒண்ணு இப்படித்தான் போடுவாரு, தலப்பா கட்டினாப்ல. அங்க எங்க வீட்டு நம்பர் பதினொண்ணு. கடுதாசி மேலல்லாம் ரெண்டு தலப்பா பக்கத்துல பக்கத்துல நிக்கும். எனக்கு எழுத்துதான் சார் தெரியாது. இது தெரியுமே." நோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு தரம் காட்டியிருக்கலாமே சார்."

காட்டியிருக்கலாம். ஒரு நோட்டை ஒரு சாண் திருப்பியிருந்தால் போதும்.

"என் தப்புதான்க்கா. தண்ணி கெட்டது என்னால. அரிச்சது என்னால. அது சரியானதும் நான் மூடிய மாத்தினதால. நீங்க குப்பத்துக்குப் போனதுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. தெரிஞ்சப்பறமும் ஒரு மாசம் நான் வாயத் தொறக்கல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அன்றைக்குப் போலவே முழங்கையை மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப, என் மேல ஒண்ணும் இல்லியே சார்?"

"இல்லக்கா."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுப் பொருட்படுத்தவில்லை. எழுந்து ஊன்றுகோலை எடுத்தார். "வாங்க. இத நீங்களே என் தங்கச்சிகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா மனசு கேக்காம சொல்றேன்னு நெனப்பா. நீங்க சொன்னாத்தான் நம்புவா. படிச்சவரு."

ஆட்டோவில் வைத்திக்குப்பம் போனோம். மணலில் அவர் ஸ்டூலைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, தங்கைக்குப் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தார். கால் மடங்கியது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்த பெண்கள் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், மீன் செதில் ஒட்டிய செருப்போடு நின்று, நான் சொன்னதையும் செய்ததையும் சொன்னேன். நாத்தம் என்ற வார்த்தையையும் சேர்த்தே சொன்னேன், ஏனென்றால் அதை விட்டுவிட்டுச் சொல்லப் பார்த்தபோது அக்கா, "அதையும் சொல்லுங்க" என்றார்.

தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கெமிஸ்ட்ரிலாம் எனக்கு வாணாம் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் அந்தத் தண்ணில எறங்கினா கெட்டுடுமா, கெடாதா?"

"கெடாது."

"பாத்துக்கலாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் வியாபாரம் முடிந்த கையோடு வந்தாள். என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். குளிக்கவில்லை, புடவைகூட மாற்றவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வந்தாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தமும் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. நான் என் கொல்லையில் செடியருகே நின்றிருந்தேன். உள்ளே போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மோட்டார் நின்றது. சுவருக்கு மேலே ஈரக் கை ஒன்று ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டியது.

"சார்" என்றாள் தங்கை. "தண்ணி எப்படிக் கீதுன்னு பாருங்க."

வாங்கினேன். பட்டையை எடுத்துத் தோய்த்தேன். டம்ளரின் அடியில் ஒரு மீன் செதில் கிடந்து மின்னியது. பட்டையின் நிறம் இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"நல்லா இருக்குக்கா" என்றேன். குரல் பாதிதான் வெளியே வந்தது.

"கேக்கல சார்" என்றாள் தங்கை. "அன்னிக்கு எங்கக்காகிட்ட சொன்னீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க. தெளிவா."

சொன்னேன்.